சத்தம் போடக் கூடாத வீடு

ஜூன் 9, திங்கள்

ஆவுடையக்கா போய்விட்டாள். விடியற்காலையில், புளியங்குடியில், தூக்கத்திலேயே. என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அக்கா. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவள் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க இவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 'கொடுத்து வைக்கவில்லை' என்று ஏன் மழுப்ப வேண்டும்? கொடுக்கவில்லை. கொழுந்தன் வேலாயுதம் கொடுக்கவில்லை. சேதி சொல்லப் போன் செய்தபோதே சொல்லிவிட்டான்.

"மதினி, அண்ணன்கிட்ட மூச்சு விட்ராதீய. இந்தச் சேதியக் கேட்டா அவுக நெஞ்சு தாங்காது. கோடி நான் போட்டுக்கிடுதேன். நீங்களும் வர வேண்டாம், நீங்க கெளம்பினா அவுகளுக்குச் சந்தேகம் வந்திரும்."

இரண்டு வருஷத்துக்கு முன் இவருக்கு நெஞ்சடைப்பு வந்தது. பிழைத்தார். ஆனால் இதயத்தில் தழும்பு விழுந்துவிட்டது. துடிப்பு தாறுமாறாக ஓடினால் ஷாக் கொடுத்து நிறுத்துவதற்கு, தோளெலும்புக்குக் கீழே ஒரு மெஷின் வைத்திருக்கிறார்கள். போன மாதம் அது ஒரு தடவை அடித்தது. மின்வாரியத்தில் அத்தனை வருஷம் கம்பம் ஏறி ஒரு ஷாக் வாங்காத மனிதர், சோபாவில் உட்கார்ந்து வாங்கினார். டென்ஷன் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் டென்ஷன் என்பது குலதெய்வம் மாதிரி ஆகிவிட்டது. எல்லோரும் அதற்குப் பயந்து நடக்கிறார்கள்.

எங்கள் பக்கம் பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலைதான் முதலில் மேலே விழ வேண்டும். மூத்த தம்பி போட வேண்டும். அந்த மூத்த தம்பி உயிரோடு, பக்கத்து அறையில் இட்லிக்கு மிளகாய்ப்பொடி கேட்டுக்கொண்டிருந்தார்.

கோயம்புத்தூரிலிருந்து வடிவும் போனில் சித்தப்பா சொல்வதுதான் சரி என்கிறாள். பெற்ற மகளே அந்தக் கட்சி. இவர் போன் இப்போது அரிசி டிரம்முக்குள் கிடக்கிறது. ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னேன். பேப்பர்காரரையும் நிறுத்தியாயிற்று. எல்லாம் வேலாயுதத்தின் உத்தரவு.

நான் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தவள். மைதானத்தின் மறுகோடிக்கு மைக் இல்லாமல் பேசியவள். இன்று என் சொந்த வீட்டில் குசுகுசுவென்று பொய் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

"அக்கா ஏன் பேசல?" காலையில் ஒரு தடவை. "ஒன் போனக் கொடு, நான் அடிக்கேன்." மத்தியானம் ஒரு தடவை. "அவளுக்கு ஒடம்புக்கு எதும் சரியில்லையா?" சாயங்காலம்.

திருச்செந்தூருக்குப் போயிருக்கிறாள் என்றேன். செத்தவளை முருகனிடம் அனுப்பி வைத்த பாவம் எனக்கு.

ஜூன் 12, வியாழன். மதுரை, ஆஸ்பத்திரி வராந்தா

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

காலையில் இவர் நார்த்தங்காய் ஊறுகாயை ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார். உப்பு ஆகாத மனிதர். இரண்டு நாளாகப் பொய் சொல்லிச் சொல்லித் தொண்டை வரை நிறைந்திருந்தேன், ஊறுகாயில் உடைந்தேன். "ஒங்களுக்கெல்லாம் எதுக்கு மெஷினு, எதுக்கு மாத்திர! ஊறுகாப் பானைக்குள்ளயே போய் உக்காருங்க!" என்று கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. இவர் சிரித்தார். "முடி வெட்டிட்டு வாரேன், அதுக்குள்ள கத்தி முடிச்சிரு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

சீக்கிரமே திரும்பி வந்துவிட்டார். முடி வெட்டவில்லை. கடை பூட்டியிருக்கிறது என்றார். புதன்கிழமை எந்த சலூன் பூட்டியிருக்கும்? அதைக் கேட்கக்கூட நேரமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். செம்பைக் கொண்டுவருவதற்குள் உடம்பு ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. "அம்மா" என்றார். மறுபடி தூக்கிப் போட்டது. மறுபடி. தரையில் கிடந்தார். பிடிக்கப் போனால் என் கைக்குள்ளேயே துள்ளினார். நான் எண்ணவில்லை. எண்ணுகிறவர்கள் எண்ணட்டும்.

தென்காசியில் ஊசி போட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்சில் மயக்கத்திலும் இவர் கண்ணோரம் நீர் வழிந்துகொண்டே வந்தது. வலி என்று நினைத்தேன்.

வேலாயுதம் இன்று காலை வந்தான். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்கும் முன்பே, "என்ன சண்ட போட்டிய மதினி?" என்றான். எதிர்வீட்டுக்காரி போனில் சொல்லிவிட்டாளாம். ஊறுகாய்க் கதையைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா செத்ததையே மறைச்சு வச்சு அண்ணனக் காப்பாத்துதோம். நீங்க ஒரு ஊறுகாய்க்குக் கத்தி ஆளக் கொல்லப் பாத்திட்டியளே!"

பதில் பேசத் தெரியாமல் இல்லை. அவன் சொன்னது நிஜமாக இருந்தால்?

ஜூன் 13, வெள்ளி

டாக்டர் ஷெர்லின் நாகர்கோவில்காரி. வடிவு வயதுதான் இருக்கும். பொறுமையாகச் சொன்னாள்.

"பயம், கோபம், துக்கம், வலி, எது வந்தாலும் மூளையிலருந்து நரம்பு வழியா இதயத்துக்கு 'வேகமா ஓடு'ன்னு கட்டளை போகும்மா. நமக்கு அது நல்லது. சாரோட இதயத்துல தழும்பு இருக்கு. ஓடச் சொன்னா தாளம் தப்பிடுது. தாளம் தப்பினா மெஷின் அடிக்குது. அந்த வலியும் பயமும் மறுபடி அதே நரம்பக் கிளப்புது. மறுபடி தப்புது, மறுபடி அடிக்குது. அதான் அன்னைக்கு விடாம அடிச்சது."

விசில் ஊதினால் பந்தயம் இல்லாத நாளிலும் ஓடிப்போய் விழுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அது மாதிரிதான் போலிருக்கிறது.

தூங்க வைத்து, கழுத்தில் அந்த நரம்பு முடிச்சுக்குப் பக்கத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டிருக்கிறார்கள். போட்டதும் புயல் அடங்கிவிட்டது. ஆனால் ஊசி நிரந்தரமில்லை. மார்புக்குள் சின்னத் துளை வழியாகப் போய், முதுகெலும்பை ஒட்டி ஓடுகிற நரம்புச் சங்கிலியில் கொஞ்சம் வெட்டி எடுக்கலாம் என்கிறாள். முழு உத்தரவாதம் கிடையாது. நிறையப் பேருக்கு ஷாக் குறைந்திருக்கிறதாம். அந்தப் பக்கத்து உள்ளங்கையும் பாதி முகமும் வேர்க்காது. இமை லேசாகத் தொங்கலாம்.

"அப்புறம் கோபமே வராதா?"

"கோபம் வரும்மா. நல்லாவே வரும். இதயத்துக்கு அவ்வளவு வேகமா சேதி போகாது."

இன்னொன்றும் கேட்க வேண்டியிருந்தது. என் சத்தத்தால்தான் இவருக்கு இப்படி ஆனதா என்று. வராந்தாவில் வேலாயுதம் நின்றான். கேட்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் புளியங்குடியில் துஷ்டி கேட்டுவிட்டு, சாவு வீட்டிலிருந்து நேரே வருகிறார்கள். வாசலில் நிறுத்தி ஒவ்வொருவருக்கும் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது. அழுது வீங்கிய கண்ணோடு உள்ளே போய், "மழை உண்டுமா மாமா?" என்று கேட்கிறார்கள். இவர் தென்காசியை விட்டு மதுரைக்கு வந்து படுத்திருக்கிறார். இவருக்கு எப்படித் தெரியும் மழை?

ஆவுடையக்கா மகன் உலகநாதன் மொட்டைத் தலையோடு வந்தான். கேட்டால் திருச்செந்தூர் வேண்டுதல் என்று சொல்லச் சொல்லியிருந்தோம். இவர் கேட்கவே இல்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டார். நேரம் முடிந்து நர்ஸ் வந்து சொல்லும் வரை விடவில்லை. நான் நாள் முழுக்க அடுத்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன், என் கையைப் பிடித்த பாடில்லை.

வேலாயுதம் கேண்டீனில் காபி குடித்தபடி, காரியமெல்லாம் அமோகமாக நடந்தது என்றான். மேளம் என்ன, வேட்டு என்ன, தென்காசி வரைக்கும் அக்கா பெயர் நின்றது என்றான். நல்லது. செத்த பிறகு நிற்கட்டும்.

ஜூன் 18, புதன்

இவர் அக்காவைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார். ஆம், விட்டேவிட்டார். ஒரு நாளில் மூன்று தடவை கேட்டவர் ஒரு வாரமாக வாயைத் திறக்கவில்லை. நோய் வந்தால் ஆம்பளைகளுக்குத் தன் உடம்பு ஒன்றுதான் உலகம். இந்தத் தம்பிக்காகத்தான் அவள் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டாள். எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு நாலு கேள்வி கேட்டிருப்பேன். கேட்க முடியாது. நான்தான் வாயில்லாப் பூச்சி ஆயிற்றே.

ஆபரேஷனுக்கு யோசிக்காமல் சரி என்றார். டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "இதுக்கப்புறம் எந்தச் சேதியானாலும் தாங்கலாமா டாக்டரம்மா?" அவள் சிரித்து, ஓரளவு தாங்கலாம் என்றாள். நான் மறைத்து வைத்திருக்கும் சேதி இவருக்கு எங்கே தெரியும், கிரிக்கெட் ஸ்கோரைத்தான் சொல்கிறார்.

என் கால் வீங்கியிருக்கிறது. சரியாகிவிடும்.

ஜூன் 20, வெள்ளி

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். எழுத முடியவில்லை.

சாயங்காலம். நல்லபடியாக முடிந்தது. டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ உளறினேன். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுததையும் சத்தமில்லாமல் அழுதேன். என்ன பிழைப்பு இது.

ஜூன் 24, செவ்வாய்

புளியங்குடியில் இன்று பதினாறாம் நாள். இங்கே இவர் காலைச் சாப்பாட்டை வேண்டாம் என்றார். தலைக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். காயம் ஆறவில்லை, முடியாது என்றாள் நர்ஸ். ஈரத்துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டார். மத்தியானம் தயிர்ச்சாதம் வந்ததும் ஒரு பிடி எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தார். எறும்பு வரும் என்று நர்ஸ் திட்டினாள். காக்கை வரட்டும் என்றார்.

ஏன் என்று கேட்க வாய் வந்தது. தட்டைக் கழுவி வைத்தேன்.

ஜூன் 28, சனி. வீடு

வந்து சேர்ந்தோம். வெயிலில் இறங்கி நடந்தும் இவர் உள்ளங்கை காய்ந்தே இருக்கிறது. அதை அடிக்கடி திருப்பிப் பார்த்துக்கொள்கிறார்.

வீட்டில் குக்கர் விசில் கூட எனக்குக் குற்றம் மாதிரி கேட்கிறது. பால்காரர், "டீச்சருக்குத் தொண்ட கட்டிட்டா?" என்று கேட்கிறார். இன்று இவர் மாத்திரை போட மறந்தார். கையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. இவர் என்னைப் பார்த்த பார்வை யாரோ விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

வேலாயுதம் வந்தான். அக்கா விஷயத்தை நாற்பது நாள் கழித்துச் சொல்லலாம் என்றவன், இப்போது ஆடி முடியட்டும் என்கிறான். ஆடி போனால் புரட்டாசி என்பான். போகும்போது என்னைத் தனியே கூப்பிட்டு, "பழையபடி ஆரம்பிச்சிராதீய மதினி, இனி ஒரு தடவ வந்தா அண்ணன் தாங்கமாட்டாவ" என்றான். நானும் சரி என்று தலையாட்டினேன். ஆட்டிய தலையைச் சுவரில் முட்டலாம் போல இருந்தது.

இனி முடியாது. டாக்டருக்குப் போன் செய்தேன். பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு, உட்கார வைத்து, நிதானமாகச் சொல்லுங்கள், அவர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தானே என்றாள். அவளாவது சொன்னாளே. வடிவை வரச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 2, புதன்

சொல்லிவிட்டேன். எப்படி நடந்தது என்பதை நடந்தபடியே எழுதுகிறேன்.

வடிவு ஒரு பக்கம், நான் எதிரே. "இந்தா பாருங்க. ஒரு சேதி சொல்லணும். பதறாமக் கேளுங்க. நம்ம ஆவுடையக்கா..."

கையை உயர்த்தினார். "தெரியும், மங்கை."

"என்ன தெரியும்?"

"அக்கா போய்ட்டா. தெரியும்."

வடிவு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். நாங்கள் இரண்டு பேருமே சொல்லவில்லை.

"முடி வெட்டப் போனேன்லா? சலூன் எதுத்த செவுத்துல போஸ்டர் ஒட்டியிருந்தான் வேலாயுதம். கண்ணீர் அஞ்சலி. நல்ல படம், வடிவு கல்யாணத்துல எடுத்தது. அடில கண்ணீருடன்னு போட்டு மொதப் பேரு எம் பேரு." உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "எனக்குத் தெரியவே தெரியாது, மங்கை. நான் அழவே இல்ல. அதுக்குள்ள அழுதிட்டேன்னு தென்காசி பூராம் ஒட்டிட்டான்."

பேப்பரை நிறுத்தச் சொன்னவன், போனை ஒளிக்கச் சொன்னவன், என்னை வாயை மூடச் சொன்னவன், ஊர் முழுக்கப் போஸ்டர் ஒட்டியிருக்கிறான்! அதைப் பார்த்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்துதான் இவர் துள்ளத் துடிக்க விழுந்திருக்கிறார். ஊறுகாயும் இல்லை, என் சத்தமும் இல்லை.

"இத ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"ஒனக்கு டென்ஷனாகும்னுதான். பொய் சொல்லத் தெரியாமத் தவிச்சிட்டுக் கெடந்த. தெரிஞ்சிட்டுன்னு சொன்னா, அத நெனச்சு நீ உருகுவ. ஆபரேஷன் முடியட்டும்னு இருந்தேன்."

"நான் கத்தித்தான் ஒங்களுக்கு இப்படி ஆச்சுன்னு எல்லாரும் என்னச் சொன்னது தெரியுமா?"

"யாரு சொன்னா?" நிஜமாகவே தெரியாது அவருக்கு. அவருக்குத் தெரிந்தால் டென்ஷன் ஆகும் என்று அதையும் யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் வேலாயுதம் பேசியதைச் சொன்னேன்.

அவ்வளவுதான். மூன்று வாரம் பூட்டி வைத்திருந்த சத்தம் முழுவதும் வெளியே வந்தது. "ஆளாளுக்கு மறைச்சு ஆளாளுக்குச் சாவுங்க! தெரிஞ்சும் தெரியாத மாதிரிப் படுத்துக் கெடந்தியளே, நான் என்ன மரக்கட்டையா? ராத்திரி பூராம் ஒங்க நெஞ்சையே பாத்துக்கிட்டு, நான்தான் கொல்லப் பாத்தேன்னு உக்காந்திருந்தேனே!" எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும். வடிவு, "அம்மா, மெதுவா, அப்பாவுக்கு..." என்று என் தோளைப் பிடித்தாள்.

இவர் மார்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. பிறகுதான் அழுதார். "அக்கா" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். முகத்தை மூடிக்கொள்ளவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, திட்டிக்கொண்டேதான் முதுகைத் தடவினேன்.

எல்லாம் அடங்கிய பிறகு சொல்கிறார், "வேலாயுதத்துகிட்ட போஸ்டர் விஷயத்தச் சொல்லிராத. அவனுக்கு பி.பி. உண்டு. தன்னாலதான்னு தெரிஞ்சா தாங்கமாட்டான்."

ஆக, அவன் தாங்கமாட்டான். இவர் தாங்கமாட்டார். இந்தக் குடும்பத்தில் எதையும் தாங்குவதற்கென்று ஒருத்தி இருக்கிறாள். ஊருக்கு முன்னால் புருஷனைக் கொல்லப் பார்த்தவள் என்ற பெயரோடு அவள் இருந்துகொள்வாள். சரி என்றுதான் சொன்னேன். பற்றிக்கொண்டு வந்தது.

ஜூலை 6, ஞாயிறு

புளியங்குடி போய் வந்தோம். கோடிச் சேலை வாங்கினார், அரக்கு நிறம். போட உடம்பு இல்லை. அக்கா படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். உலகநாதனைக் கட்டிக்கொண்டார். வீட்டு முன்கூடத்தில், பட்டாசாலை நிறையச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அத்தனை பேரும் அக்கா படத்தைப் பார்க்கவில்லை, இவர் நெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேலாயுதம் வேகமாக வந்தான். நேராக என்னிடம். "ஆடி கழியட்டும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா மதினி? ஏற்கனவே ஒங்க வாயால ஒருதடவ சாகக் கெடந்தாவ. மறுபடியும் அவுகளக் கொல்லவா கூட்டியாந்திய?"

நான் இவருக்குக் கொடுத்த வாக்கை நினைத்துப் பல்லைக் கடித்தேன்.

"ஏலே!"

யார் குரல் என்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை. இவர்தான். இரண்டு வருஷமாக இந்தக் குரலை நான் கேட்கவில்லை.

"யார் வாயாலல? சலூன் செவுத்துல ஒட்டுனது யாரு, இவளா? எங்கக்கா செத்தத நான் போஸ்டரப் பாத்துல்லா தெரிஞ்சுக்கிட்டேன்! அதுல அழுததா எம் பேரு வேற! அதப் பாத்துட்டு வந்துதாம்ல விழுந்தேன்! என்னைய அள்ளிக் கொண்டுபோய்ச் சேத்தவள, கொலகாரின்னு ஆஸ்பத்திரில வச்சு நீ பேசியிருக்க!"

வேலாயுதத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. "அண்ணன் பேரு இல்லாம போஸ்டர் போட்டா ஊரு என்ன சொல்லும்?" என்று முனகினான்.

"ஊரு! மொத ஒன் மதினிகிட்ட மன்னிப்புக் கேளுல!"

பட்டாசாலையில் யாரோ தண்ணீர்ச் செம்போடு பாதியில் நின்றுவிட்டார்கள். வடிவு காருக்கு ஆள் அனுப்பப் போனாள். எல்லோரும் அந்த மெஷின் அடிக்காகக் காத்திருந்தார்கள். நானும்தான் காத்திருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். இவர் பாதி முகம் வேர்த்திருந்தது, பாதி காய்ந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அடி விழவில்லை. இவர் மூச்சை இழுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

"மதினி, நீங்களாச்சும் சொல்லுங்க, அண்ணனுக்கு டென்ஷன்..." என்றான் வேலாயுதம்.

சேலைத் தலைப்பைச் சொருகிக்கொண்டு பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்காக ஒருவர் சத்தம் போட்டு இதுவரை கேட்டதில்லை. முழுவதும் கேட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.